பழி யாரைச் சேரும்?

விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, சிறு வயதில் கேட்ட நாளிலிருந்தே என் மனத்தில் முள்ளாகத் தைத்திருக்கிறது. பசியோடு வந்த வழிப்போக்கன் ஒருவனுக்கு ஒரு வீட்டு அம்மாள் அன்போடு அன்னம் இடுகிறாள். அவன் அதை மரத்தடியில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போகிறான். மரக்கிளையில் ஒரு பருந்து. அதன் பிடியில் ஒரு நாகம். நாகத்தின் வாயிலிருந்து சொட்டிய விஷம் அன்னத்தில் விழுகிறது. அறியாமல் உண்டவன் மாண்டு போகிறான். இந்தப் பாவம் யாரைச் சேரும்? அன்னமிட்டவளையா, பருந்தையா, பாம்பையா?

விக்கிரமாதித்தன் யோசித்துச் சொல்கிறான்: அம்மாள் தர்மம் செய்தாள், பருந்து தன் இரையைத் தேடியது, பாம்போ உயிர் போகும் வேதனையில் இருந்தது. ஆகவே ஆராயாமல் இவர்களில் ஒருவர்மீது பழி சுமத்துகிறவன் எவனோ, அவனைத்தான் பாவம் சேரும்.

அழகான பதில்தான். ஆனால் பாலாற்றங்கரையில் போய் நின்றால் இந்தப் பதில் போதவில்லை.

காட்பாடியில் ரயில் ஏறி வாணியம்பாடி வரை ஜன்னலோரமாக உட்கார்ந்து போனால், ஆற்றில் மணலைத்தான் அதிகம் பார்க்கலாம். ஆம்பூர் என்றதும் நம்மில் பலருக்குப் பிரியாணி நினைவுக்கு வரும். அயல்நாட்டில் யாரோ ஒருவர் காலில் பளபளக்கும் ஷூவைத் தைத்தது, விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்து வந்த ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமப் பெண் என்பது நினைவுக்கு வருவதில்லை. வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்த வட்டாரம் முழுவதற்கும் தோல்தான் சோறு. அந்தத் தோல்தான் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது.

இது ஊர் வம்பு அல்ல. உச்ச நீதிமன்றத்தில் பதிவான விஷயம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. வேலூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்று அந்தத் தீர்ப்பு சொல்லுகிறது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயம் இந்த நாட்டின் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது அன்றைக்குத்தான்.

கெடுத்தவன் யார் என்பதுதான் கேள்வி. இதை நான் அந்த ஊர்களில் பலரிடம் கேட்டிருக்கிறேன். பதனிடும் ஷெட் வைத்திருக்கும் ஒரு பாய் சொன்னார்: "நான் என்ன செய்யட்டும்? மாசக் கணக்கில் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று பத்து நாளில் சரக்கு வேண்டும் என்கிறான் ஷூ கம்பெனிக்காரன். ராத்திரியும் பகலுமாக டிரம்மை ஓட்டினால்தான் முடிகிறது." ஷூ கம்பெனி மானேஜரைக் கேட்டால், வெளிநாட்டு இறக்குமதியாளர் ஆர்டரைக் கூட்டுவதும் குறைப்பதுமாகத் தம்மைப் பந்தாடுவதாகச் சொன்னார். அந்த இறக்குமதியாளரைக் கேட்டிருந்தால் கடைக்காரரைக் காட்டியிருப்பார். கடைக்காரர், ஷூ வாங்க வந்த சாதுவான மனிதரைக் காட்டியிருப்பார். தோல் கை மாறுவதுபோலவே பழியும் கை மாறிக்கொண்டு போகிறது.

கடைசியாக நான் பார்த்த ஒரு விவசாயி யாரையும் காட்டவில்லை. "கெணத்துத் தண்ணி உப்பாப் போச்சுங்க. தென்னை பட்டுப் போச்சு. யாரைச் சொல்றது? எல்லாம் விதி" என்றார்.

விதி என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் நான் இங்கே எழுத விரும்புகிறேன். தமிழில் அதற்கு இரண்டு பொருள். தலையில் எழுதப்பட்டது ஒன்று. மனிதர்கள் வகுத்துக்கொண்ட சட்டதிட்டம் மற்றொன்று. இந்த இரண்டுக்கும் உள்ள உறவை எனக்கு விளக்கியது எந்தச் சித்தாந்த நூலும் அல்ல; கம்ப்யூட்டர்க்காரர்கள் செய்யும் ஒரு வித்தை. கல்லூரியில் இரண்டு வருஷங்களுக்கு மேல் படிக்காத எனக்கே அது விளங்கியது என்றால், வாசகர்களுக்கு விளங்குவதில் சந்தேகமில்லை.

அந்த வித்தை இதுதான். ஒரு தொழிலையோ ஊரையோ ஆராய வேண்டும் என்றால், அதை மொத்தமாக ஒரு கணக்காகப் போடாமல், அதிலுள்ள மனிதர்களைத் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்குள் படைத்து விடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று விதிகள்: கையிருப்பு இவ்வளவுக்குக் கீழே போனால் ஆர்டர் கொடு, விலை ஏறும்போல் இருந்தால் பதுக்கு, இரண்டு தரம் ஏமாற்றினவனிடம் மறுபடி வாங்காதே. இப்படி நூறு பேரையோ ஆயிரம் பேரையோ உலவ விட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்தப் பொம்மை மனிதர்களுக்கு ஏஜெண்டு என்று பெயர். ஆம்பூரில் ஏஜெண்டு என்றால் கமிஷனுக்குத் தோல் பிடித்துத் தருகிறவர்; இங்கே பொருள் வேறு. தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு அதன்படி நடக்கும் எவனும் இதில் ஏஜெண்டுதான்.

கதை எழுதுகிறவனுக்கு இது புதிய விஷயமல்ல. நாங்களும் பாத்திரங்களுக்கு ஒரு சுபாவத்தைக் கொடுத்து நடமாட விடுகிறவர்கள்தாம். ஆனால் முடிவு எங்களுக்குப் பிடித்தபடி வராவிட்டால் பாத்திரத்தின் காதைத் திருகி வழிக்குக் கொண்டுவந்து விடுவோம். கம்ப்யூட்டர் அப்படித் திருகுவதில்லை. அதனால்தான் அது சொல்லும் கதையில் சில சமயம் நாம் விரும்பாத உண்மை வெளிப்படுகிறது.

தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரண்டு வகைக் காசுகளைப் பரப்பி இப்படி ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தார். 1971-ல் அதைப் பற்றி எழுதினார். 2005-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய காசுகள் யாரையும் வெறுப்பவை அல்ல. அண்டை வீட்டாரில் மூன்றில் ஒரு பங்கு தன்னைப் போன்றவர்களாக இருந்தால் போதும் என்பதே ஒவ்வொரு காசின் ஆசை. ஆனாலும், திருப்தியில்லாத காசுகளை நகர்த்திக்கொண்டே போனால், கடைசியில் இரண்டு வகையும் இரண்டு சேரிகளாகப் பிரிந்து நிற்கின்றன! வெறுப்பவன் ஒருவன்கூட இல்லாமலே ஊர் இரண்டுபட்டு விடுகிறது.

இதே ஆட்டத்தைத் தோல் வியாபாரத்தில் ஆடிப் பார்ப்போம். கம்ப்யூட்டர் வேண்டாம், காகிதமும் பென்சிலும் போதும். நான்கு பேர்: ஷூக் கடைக்காரர், இறக்குமதியாளர், ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர், தோல் பதனிடுகிறவர். பதனிடுகிறவர் மண்டியில் தோல் வாங்குகிறார். நால்வருக்கும் ஒரே விதி: வாரக் கடைசியில் கையிருப்பு, அந்த வாரம் போன சரக்கின் அளவுக்கு இருக்க வேண்டும். இதைவிட யோக்கியமான, முன்யோசனையுள்ள விதி உண்டா? கேட்ட சரக்கு உடனே வந்துவிடுகிறது என்றும் வைத்துக் கொள்வோம்.

வாரந்தோறும் 100 ஜோடி விற்கிறது. எல்லாம் அமைதியாக நடக்கிறது. ஒரு வாரம் விற்பனை 110 ஆகிறது. அதன் பிறகு 110-லேயே நிலைத்து விடுகிறது. கடைக்காரர் விற்ற 110-ஐ ஈடு செய்ய வேண்டும். கையிருப்பையும் 100-லிருந்து 110 ஆக்க வேண்டும். ஆகவே 120 ஜோடி கேட்கிறார். இறக்குமதியாளரிடமிருந்து போனது 120. கையிருப்பை 20 கூட்ட வேண்டும். அவர் கேட்பது 140. ஷூ கம்பெனி அதே கணக்கில் 180 ஜோடிக்குத் தோல் கேட்கிறது. பதனிடுகிறவர் மண்டியில் 260 ஜோடிக்கான தோலை வாங்கிப் போடுகிறார். கடையில் கூடியது பத்து. தொட்டிக்கு வந்து சேரும்போது அது நூற்று அறுபது!

அடுத்த வாரம் என்ன ஆகிறது? கடையில் அதே 110. கடைக்காரர் 110 மட்டும் கேட்கிறார். இறக்குமதியாளர், 120 போன இடத்தில் 110 போகிறதே என்று கையிருப்பைப் பத்துக் குறைத்து, 100 கேட்கிறார். ஷூ கம்பெனி 60 கேட்கிறது. பதனிடுகிறவருக்கு ஒரு தோல்கூட வேண்டியதில்லை. அங்கே ஷூ வாங்குகிறவர்களின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. இங்கே மண்டியில் ஈ ஓட்டுகிறார்கள்.

இது வெறும் காகித விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் ஜே ஃபாரஸ்டர் என்பவர் 1961-லேயே ஆலைகளின் உற்பத்தி இப்படி ஊசலாடுவதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனிக்காரர்கள் தங்கள் டயாபர் வியாபாரத்தில் இதைக் கண்டு வியந்தார்கள். குழந்தைகள் நனைப்பது என்னவோ ஒரே சீராகத்தான்; ஆனால் ஆர்டர்கள் துள்ளிக் குதித்தன. இதற்கு அவர்கள் சாட்டையின் பெயரை வைத்தார்கள். பொருத்தமான பெயர். கைப்பிடியில் மணிக்கட்டு லேசாக அசைகிறது; நுனியில் சுளீர் என்று விழுகிறது. அடி எங்கே விழுகிறது என்று கைப்பிடியை வைத்திருப்பவருக்குத் தெரிவதில்லை.

தோல் சங்கிலியில் அந்த நுனியில் இருப்பவர்கள் யார்? ஒரு வாரம் இரவு வேலை, மறு வாரம் வேலையே இல்லை என்று திண்டாடும் ஷெட் தொழிலாளி ஒருவர். வீட்டிலேயே பீஸ் கணக்கில் வேலை எடுத்துச் செய்யும் பெண் ஒருத்தி. மூன்றாவது, வாய் பேசாத ஆறு. 150 ஜோடிக்கான கழிவைத் தாங்கும்படி கட்டிய சுத்திகரிப்பு நிலையத்துக்கு, 260 ஜோடிக்கான கழிவு வந்தால் மீதி எங்கே போகும்? அடுத்த வாரம் அது காலியாகக் கிடக்கும் என்பதால் இந்த வாரத்து விஷம் நின்று காத்திருக்குமா?

உப்பின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ஆட்டை அறுத்த சில மணி நேரத்தில் தோல் அழுக ஆரம்பிக்கும். ஊர் ஊராகச் சேர்த்து, மண்டியில் காத்திருந்து, லாரி ஏறி, ஆம்பூர்த் தொட்டிக்கு வந்து சேரும் வரை அது கெடாமல் இருக்க உப்பைத் தடவுகிறார்கள். அந்த உப்பு தொட்டியில் ஊறிக் கரைகிறது, கிணற்றுக்குள் போகிறது. குரோமிய விஷத்தைப் பிரிக்க வழியுண்டு. கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் பெரும் பாடு. பிரித்தாலும் உப்பு மூட்டையாக மிஞ்சுகிறது. உப்பைக் குறைத்துத் தோலைக் காக்கும் முறைகளை, 1948-ல் சென்னையில் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்திருக்கிறது. ஆனால் மூலகாரணத்தைப் பாருங்கள். அந்த உப்பு உண்மையில் என்ன? தோல் வழியில் காத்திருந்த நேரம்தான். சங்கிலியில் வீணான நாட்களெல்லாம் உப்பாக மாறி அந்த விவசாயியின் தென்னையைப் பட்டுப்போகச் செய்தன. சரக்கு விநியோகத்தைச் சீர்படுத்துவது என்பது கம்பெனிகளின் லாபக் கணக்கு மட்டும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, ஆட்டத்துக்குத் திரும்புவோம். அதில் வில்லன் இல்லை. பேராசைக்காரன்கூட இல்லை. நால்வரும் யோக்கியர்கள். ஆகவே யாரும் குற்றவாளி இல்லை என்று விக்கிரமாதித்தனைப்போல் தீர்ப்புச் சொல்லி எழுந்துவிடலாமா? படித்தவர்கள் இப்போது அப்படிச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். "அமைப்பு அப்படி, தனி மனிதன் என்ன செய்வான்?" என்கிறார்கள். இதற்கும், எல்லாம் விதி என்று அந்த ஏழை விவசாயி சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? அவர் துக்கத்தில் சொன்னார். இவர்கள் சௌகரியத்துக்காகச் சொல்கிறார்கள்.

நான் இதை ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் அதே ஆட்டத்தில்தான் இருக்கிறது. ஒரே ஒரு விதியை மாற்றி மறுபடி ஆடிப் பாருங்கள். கடையில் உண்மையில் விற்றது எவ்வளவு என்பதை நால்வருக்கும் சொல்லிவிடுவோம். தனக்கு வந்த ஆர்டரைப் பார்த்து மிரண்டு கையிருப்பைக் கூட்டாமல், அந்த 110-ஐப் பார்த்தே ஒவ்வொருவரும் கூட்டிக் கொள்ளட்டும். முதல் வாரம் கடைக்காரர் 120 கேட்பார், அடுத்தவர் 130, ஷூ கம்பெனி 140, பதனிடுகிறவர் 150. இரண்டாம் வாரம் நால்வரும் 110. முன்பு பதனிடுகிறவர் இரண்டு வாரத்திலும் வாங்கிய தோல் 260-ம் பூஜ்யமும். இப்போது 150-ம் 110-ம். கூட்டினால் அதே 260 தான்! தோல் குறையவில்லை, வியாபாரம் குறையவில்லை. சுத்திகரிப்பு நிலையம் தாங்குகிறது. தொழிலாளிக்கு இரண்டு வாரமும் வேலை இருக்கிறது. மாறியது ஒன்றே ஒன்று: தெரிந்த உண்மையை ஒருவர் மற்றவருக்குச் சொன்னார்கள்.

ஏன் சொல்வதில்லை? தன் விற்பனை தெரிந்தால் விலையைக் கூட்டி விடுவான் என்று ஒருவன் மற்றவனுக்கு அஞ்சுகிறான். ஆகவே பலர் சேர்ந்து விளைவித்த தீமை என்பது மனிதர்களுக்கு அப்பாற்பட்ட விதி அல்ல. ஒவ்வொருவரும் கைக்கொண்ட சிறு விதி ஒன்று, இன்னொருவருடைய சிறு விதியோடு சேர்ந்து, மூன்றாமவனுக்குத் தலைவிதி ஆகிறது. ஒருவனுடைய வழக்கம் இன்னொருவனுடைய விதி. இதுதான் எனக்கு விளங்கிய பாடம்.

வழக்கத்தை மாற்ற முடியுமா என்றால், அதற்கும் இந்த வட்டாரத்திலேயே சாட்சி இருக்கிறது. தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கப் பென்டாகுளோரோஃபீனால் என்ற மருந்தைப் போட்டு வந்தார்கள். 1989 டிசம்பரில் ஜெர்மனி அதற்குத் தடை போட்டது. ஜெர்மனியில் விற்க வேண்டுமென்றால் அது கூடாது. சில வருஷங்களுக்குள் இங்கே ஷெட்டுகள் வேறு மருந்துக்கு மாறிக்கொண்டன. வாங்குகிறவன் தன் விதியை மாற்றினான். சங்கிலி முழுவதும் மாறிற்று. ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. ஜெர்மானியன் காத்துக்கொண்டது தன் தோலை. நம் கிணற்றைக் காக்க அவனுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. நம் கிணற்றுக்காக நாம் இட்ட சட்டமோ அவ்வளவு வேகமாக ஓடவில்லை. 1996 தீர்ப்புக்கு 28 வருஷம் கழித்து, 2025 ஜனவரி 30-ந் தேதி, பாலாற்றுக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, அதை ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஆற்றைக் கண்காணிக்க முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் அது உத்தரவிட்டது.

இந்தக் கம்ப்யூட்டர் வித்தையிலும் ஓர் அபாயம் உண்டு. ஏஜெண்டுகளாக யார் யாரைச் சேர்ப்பது என்பதை அதை எழுதுகிறவன் தீர்மானிக்கிறான். கடைக்காரரைச் சேர்ப்பான், கம்பெனியைச் சேர்ப்பான், லாரியைக்கூடச் சேர்ப்பான். கிணற்றைச் சேர்ப்பானா? 2015 ஜனவரி 31-ந் தேதி அதிகாலையில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது கழிவுச் சேறு பாய்ந்து, பத்துப் பேர் இறந்து போனார்கள். அவர்களில் பலர் வயிற்றுப் பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்தவர்கள். இரவில் தொழிலாளி எங்கே தலை சாய்க்கிறான் என்பது எந்த விநியோகக் கணக்கில் இருந்திருக்கும்? செலவைக் குறை என்று மட்டும் சொல்லி ஓட விட்டால், அந்த யந்திரம் நமக்கு மிகச் சிறந்த வழியையே காட்டும். ஆனால் அந்த வழி, கணக்கில் இல்லாதவர்களின் மார்மீது போகும். கணக்கில் யாரைச் சேர்க்கிறோம் என்பது கணிதக் கேள்வி அல்ல, தர்மக் கேள்வி. அதை யந்திரத்திடம் விட்டுவிட முடியாது.

இப்போது வேதாளத்தின் கேள்விக்கு என் பதிலைச் சொல்லி விடுகிறேன். விக்கிரமாதித்தன் சொன்னது முதல் நாளுக்குச் சரி. அன்றைக்கு அந்த வழியாகப் பருந்து பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மறுநாளும் அதே மரத்தடியில், அதே நேரத்தில், இன்னொரு வழிப்போக்கன் திறந்த பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் குற்றமற்றவனா? ஒரு மூடி போட்டு வைக்கச் சொல்லாதவன் குற்றமற்றவனா? தெரியாதவரை அது விபத்து. தெரிந்த பிறகு அதே காரியம் பாவம். நடுவில் மாறியது செயல் அல்ல, அறிவு.

பருந்து எந்த வழியாகப் பறக்கிறது என்பதைத்தான் இந்தக் கம்ப்யூட்டர் ஆட்டங்கள் நமக்குக் காட்டுகின்றன. அவற்றால் வியாபாரம் லாபம் அடையலாம்; அடையட்டும். எனக்கு அவை முக்கியமாகத் தோன்றுவது, தெரியாது என்று சொல்லும் வசதியை அவை நம்மிடமிருந்து பிடுங்கிக் கொள்வதால்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள்மீது 50 சதவீதம் வரி விதித்தபோது, கைப்பிடி அசைந்தது வாஷிங்டனில். நுனி எங்கே இருக்கிறது என்பது ஆம்பூரில் ஒவ்வொரு தையல்காரிக்கும் தெரிந்திருந்தது.

வாசகர்கள் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கக் கூடும். நாம் ஷெட் வைத்திருக்கவில்லை. கப்பலில் சரக்கு ஏற்றவில்லை. ஆனால் ஷூ வாங்கும்போது நமக்கும் ஒரு விதி உண்டு: மலிவாக இருக்க வேண்டும், கேட்டவுடன் கிடைக்க வேண்டும், எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. யோக்கியமான, யாருக்கும் கெடுதல் நினைக்காத விதிதான். அந்த நால்வருடைய விதியும் அப்படித்தான் இருந்தது.